தாட்சருக்கு முன்னால் வந்த சட்டம்

கேள்வி: பிரிட்டனின் மார்கரெட் தாட்சர், இத்தாலியின் ஜார்ஜியா மெலோனி போன்ற பழமைவாதத் தலைவிகள் பெண்ணியம் பேசாமலே பிரதமர் ஆனார்கள். திறமை இருந்தால் போதும், பெண்ணியம் வெறும் கூச்சல் என்று இதிலிருந்தே தெரியவில்லையா?

பதில்: தெரியவில்லை. தாட்சரின் திறமையில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் 1919-ல் ஒரு சட்டம் வரும்வரை பிரிட்டனில் எந்தப் பெண்ணும், எவ்வளவு திறமை இருந்தாலும், வக்கீலாக முடியாது; அதற்கு முந்தின ஆண்டுவரை நாடாளுமன்றத் தேர்தலில் நிற்கவும் முடியாது. வாக்குரிமை கேட்டுச் சிறைக்குப் போய் உண்ணாவிரதம் இருந்த பெண்களை அழுத்திப் பிடித்து, மூக்கிலும் வாயிலும் குழாயைச் செருகி உணவை ஊற்றினார்கள். நீங்கள் கூச்சல் என்று சொல்வது அதைத்தான். தாட்சர் பாரிஸ்டரானதும் எம்.பி. ஆனதும் 1950-களில். அப்புறம் பதினோரு ஆண்டுகள் பிரதமராக இருந்தவர் தன் கேபினட்டில் சேர்த்துக்கொண்ட ஒரே பெண் பாரனஸ் யங், அவரும் 1981 முதல் 1983 வரைதான்.

அமெரிக்காவின் பழமைவாதத் தலைவி ஃபிலிஸ் ஷ்லாஃப்லியையும் பாருங்கள். ஆண் பெண் சம உரிமையை அரசியல் சாசனத்தில் சேர்க்கும் திருத்தத்தை அங்கே காங்கிரஸ், அதாவது அந்த நாட்டு நாடாளுமன்றம், 1972-ல் நிறைவேற்றியது. 38 மாநிலங்கள் ஒப்புதல் தர வேண்டும், 35 தந்துவிட்டன, அந்த நிலையில் அதை மறித்து நிறுத்தியதில் பெரும்பங்கு இவருடையது. இல்லினாய்ஸ் சட்டமன்ற உறுப்பினர்களைப் பார்க்க இவருடைய ஆதரவாளர்கள் வீட்டில் சுட்ட ரொட்டியும் ஜாமும் எடுத்துக்கொண்டு போனார்கள். 1982-ல் கெடு முடிந்தது, திருத்தமும் விழுந்தது. இல்லத்தரசியின் பெருமையைப் பேசிய இவர் ஆறு பிள்ளைகளின் தாய், இரண்டு முறை காங்கிரஸ் தேர்தலில் நின்றவர், நாடு முழுக்கச் சுற்றி மேடைகளில் வாதாடியவர், இந்தப் போராட்டத்தின் நடுவிலேயே 1978-ல் சட்டப் பட்டமும் வாங்கியவர். தனக்கு வேண்டியிருந்த வாழ்க்கை மற்ற பெண்களுக்கும் வேண்டியிருக்கும் என்பதை அவர் ஏன் ஏற்கவில்லை என்று எனக்கு இன்றுவரை கோபம் உண்டு.

அதற்காக இவரை ஆண்களின் கைப்பாவை என்று சில பெண்ணியவாதிகள் சொல்வதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒரு பெண் நம்மோடு உடன்படவில்லை என்றதும் அவளுக்குச் சொந்த மூளையே இல்லை என்பது, காலங்காலமாக ஆண்கள் சொன்ன அதே பேச்சு. அவர் பின்னால் வந்த இல்லத்தரசிகளின் பயம் நிஜமானது. சொந்த வருமானம் இல்லாமல் பாதி வாழ்க்கையைக் கழித்தவர்கள், கணவன் காப்பாற்ற வேண்டும் என்ற சட்டமும் போய்விட்டால் கதி என்ன என்று நடுங்கினார்கள். அந்தப் பயத்துக்குப் பெண்ணிய இயக்கம் அவர்களிடம் போய் உட்கார்ந்து பதில் சொல்லியிருக்க வேண்டும், போதுமான அளவு சொல்லவில்லை.

மீடியாவிலிருந்தும் ஒரு உதாரணம் சொல்கிறேன். பழமைவாத நேயர்களின் சேனலான ஃபாக்ஸ் நியூஸில் தொகுப்பாளராக இருந்த கிரெட்சன் கார்ல்சன், அதன் தலைவர் ரோஜர் ஐல்ஸ் மீது 2016-ல் பாலியல் தொல்லை வழக்குப் போட்டார், அதே மாதம் ஐல்ஸ் பதவி விலகினார். பணியிடத்தில் நடக்கும் அந்தக் கொடுமைக்குப் பெயர் வைத்து, அது சட்டப்படி குற்றச்சாட்டாக நிற்கும்படி செய்தது 1970-களின் பெண்ணியவாதிகள். கார்ல்சன் தனக்கு நியாயம் கிடைத்ததோடு நிற்கவில்லை. இத்தகைய புகார்களை நீதிமன்றத்துக்குப் போகவிடாமல் தனி மத்தியஸ்தத்தில் அமுக்கிவிடும் வேலை ஒப்பந்தங்களுக்கு எதிராக ஆண்டுக்கணக்கில் அலைந்தார். 2022-ல் அதற்கான சட்டம் இரு கட்சி ஆதரவோடும் நிறைவேறியது. அவர் தன்னைப் பெண்ணியவாதி என்கிறாரா, பழமைவாதி என்கிறாரா என்று நான் கேட்க மாட்டேன்.