சாவி கொடுத்தும் ஓடாத பாக்கெட் வாட்ச்

வாசகர் கேள்வி: தாத்தாவின் பாக்கெட் வாட்ச் கிடைத்தது. டயலில் வால்தம் என்று அமெரிக்க கம்பெனியின் பெயர் இருக்கிறது. சாவி கொடுத்தால் சில நிமிடம் ஓடி நின்றுவிடுகிறது. அதிகமாகச் சாவி கொடுத்துக் கெடுத்துவிட்டேனா? குமிழை இழுத்தாலும் முள் நகரவில்லை. பாலிஷ் போட்டு தினமும் பயன்படுத்த ஆசை.

பதில்: நீங்கள் கெடுக்கவில்லை. ஸ்பிரிங் முழுக்கச் சுற்றிவிட்டால் குமிழ் அதற்கு மேல் திரும்பாது, அவ்வளவுதான். பல வருஷம் சும்மா கிடந்ததில் உள்ளே எண்ணெய் காய்ந்து பிசினாகியிருக்கும். ஸ்பிரிங் முழு பலத்தோடு தள்ளியும் சக்கரங்கள் அசையாமல் நிற்கும். குமிழ் இறுகி வாட்ச் நின்றிருப்பதைப் பார்ப்பவர்கள், சாவி அதிகமாகிவிட்டது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள்.

இப்போதைக்குக் குலுக்கி ஓட்டிப் பார்க்காதீர்கள். இந்த வகை வாட்சுகள் பெரும்பாலும் மணிக்கு 18,000 முறை துடிக்கும். ஒரு நாளைக்கு 4,32,000. இப்படித் துடிப்பது பேலன்ஸ் சக்கரம், முன்னும் பின்னும் ஆடி நேரத்தைக் கணக்கிடும் சக்கரம். அதன் அச்சு முனை மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தடிமன்தான். காய்ந்த எண்ணெயும் தூசியும் சேர்ந்து அதை அரம்போல் தேய்த்துவிடும். வீட்டு எண்ணெயோ ஸ்பிரேயோ வேண்டவே வேண்டாம். பழைய மெக்கானிக்கல் வாட்சில் பழகிய ஒருவரிடம் கொடுங்கள். முழுக்கப் பிரித்து, கழுவி, தேவையான இடத்தில் மட்டும் துளித்துளியாக எண்ணெய் வைப்பார்.

முள் விஷயம் கோளாறாக இல்லாமலும் இருக்கலாம். உங்களுடையது லீவர் செட் வகையாக, அதாவது நேரம் வைக்கத் தனி நெம்புகோல் உள்ளதாக இருந்தால், முன்பக்கக் கண்ணாடி வளையத்தைக் கழற்றிப் பாருங்கள். டயல் விளிம்பில், பெரும்பாலும் 1, 2 எண்களின் பக்கத்தில், மெல்லிய உலோக நாக்கு ஒன்று தெரியும். அதை நகத்தால் வெளியே இழுத்து, குமிழைத் திருகி நேரம் வைத்து, திரும்பத் தள்ளிவிட வேண்டும். சாவி கொடுக்கும்போது கை தவறி நேரம் மாறிவிடக் கூடாது என்று அமெரிக்க ரயில்வேக்கள் கேட்ட அமைப்பு இது. 1891இல் ஒஹையோவின் கிப்டனில் ரயில்கள் மோதிய பிறகு அங்கே ரயில் ஊழியர்களின் வாட்ச் விதிகள் கடுமையாகின. வாரத்துக்கு 30 விநாடிக்கு மேல் பிசகக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. குமிழை மட்டும் பலமாக இழுக்காதீர்கள்.

சர்வீஸுக்குப் போகும்போது பின்மூடி திறந்ததும் ஒரு நிமிடம் உள்ளே பாருங்கள். தகடுகளில் அலை அலையாகக் கோடுகள் இழைத்திருப்பார்கள். திருகுகள் நீலமாக இருந்தால் அது பெரும்பாலும் பெயின்ட் இல்லை. எஃகைச் சுமார் 300 டிகிரி வரை சூடாக்கி, சரியான நொடியில் எடுத்துவிட்டால் வரும் நிறம். மூடிக்குள் மறைந்து கிடக்கும் பாகத்துக்கு இவ்வளவு உழைப்பா என்று எனக்கு ஒவ்வொரு முறையும் தோன்றும். அந்தத் தகட்டில் உள்ள சீரியல் நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள். வால்தம் வாட்சின் வயதைச் சொல்வது அதுதான். கேஸில், அதாவது வெளிக்கூட்டில் இருக்கும் நம்பரை நம்ப வேண்டாம். கேஸைப் பெரும்பாலும் வேறு நிறுவனம் செய்திருக்கும்.

பாலிஷ் வேண்டாம் என்பேன். பல கேஸ்கள் பித்தளைமேல் மெல்லிய தங்கத் தகடு ஒட்டியவை. தேய்த்தால் பித்தளை எட்டிப்பார்க்கும், செதுக்கு வேலையும் மழுங்கும். மெல்லிய பருத்தித் துணியால் துடைத்தால் போதும்.

சர்வீஸ் ஆனபின் தாராளமாகத் தினமும் வைத்துக்கொள்ளலாம். தண்ணீர், ஸ்பீக்கர் காந்தம் இரண்டும் பக்கத்தில் வரக் கூடாது. சாவி காலையிலேயே கொடுங்கள். நீங்கள் நடந்து திரியும் நேரத்தில் ஸ்பிரிங்கில் முழு பலம் இருக்கும், சின்னக் குலுக்கல்களுக்கு நேரம் பிசகாது.