தொலைநோக்கியின் முனையில் கண்ணா, கேமராவா?

கேள்வி: பெரிய தொலைநோக்கிகளில் வானியலாளர்கள் கண் வைத்துப் பார்ப்பதே இல்லை என்கிறார்களே, உண்மையா?

ஆய்வுப் பணியைப் பொறுத்தவரை உண்மைதான். நம் கண், நொடியில் ஏறத்தாழ பத்திலொரு பங்கு நேரத்துக்குள் வந்த ஒளியைக் கொண்டு ஒரு காட்சியை உருவாக்கிவிட்டு, உடனே அடுத்த காட்சிக்குப் போய்விடுகிறது. ஆகவே, இருளுக்குப் பழகிய பிறகு எத்தனை மணி நேரம் உற்றுப் பார்த்தாலும், மங்கலான ஒரு விண்மீன் திரள் மேலும் பிரகாசமாவதில்லை. கேமராவோ மணிக்கணக்கில் வரும் ஒளியைச் சேர்த்துக்கொண்டே போகிறது. 1880-இல் அமெரிக்க வானியலாளர் ஹென்றி டிரேப்பர், விண்வெளியின் வாயு, தூசு மேகமான ஓரியன் நெபுலாவை 51 நிமிடம் ஒளிபதித்துப் படமெடுத்தார். மூன்றே ஆண்டுகளில் ஆண்ட்ரூ காமன் எடுத்த படத்தில், அதே நெபுலாவில் கண்ணுக்கு எட்டாத விண்மீன்களும் பதிந்திருந்தன. 1995-இல் ஹபிள் தொலைநோக்கி, ஏறக்குறைய வெறுமையாகத் தோன்றிய ஒரு சிறு வான்பகுதியைப் பத்து நாள்கள் படமெடுத்தபோது, சுமார் 3,000 விண்மீன் திரள்கள் வெளிப்பட்டன. ஒளியுணர் பூச்சு பூசிய கண்ணாடிகளான பழைய ஒளிப்படத் தட்டுகள், விழுந்த ஒளியில் நூற்றுக்குச் சில பங்கையே பதிந்தன; 1969-இல் பெல் ஆய்வகத்தில் உருவான, ஒளியை மின்சமிக்ஞையாக மாற்றும் சிசிடி உணரியின் இன்றைய வடிவங்கள் 90 பங்கு வரை பதிகின்றன.

கேள்வி: கண்ணால் பார்த்து வரைந்துவைத்தால் போதாதா?

போதாது. பிறரும் சரிபார்க்கக்கூடிய பதிவைத் தருவதே கேமராவின் பெரிய நன்மை என்பது என் கருத்து. செவ்வாய்க் கோளில் கால்வாய்கள் இருப்பதாக அமெரிக்க வானியலாளர் பெர்சிவல் லோவல் வரைந்த கோடுகள், மங்கலான புள்ளிகளைக் கண்ணும் மூளையும் இணைத்துக்கொண்டதால் தோன்றியவை. வரைபடத்தை மட்டும் வைத்துக்கொண்டு பிறர் அதைச் சரிபார்க்க வழியில்லை. மாறாக, 1930 ஜனவரி 23, 29 ஆகிய இரவுகளில் எடுத்த தட்டுகளை மாற்றி மாற்றி ஒப்பிட்டு, இடம் பெயர்ந்திருந்த ஒரு புள்ளியைக் கொண்டே கிளைடு டோம்பா புளூட்டோவைக் கண்டுபிடித்தார். அந்தப் புள்ளியை இன்றும் யாரும் அளந்து பார்க்கலாம்.

கேள்வி: படங்களில் உள்ள வண்ணங்கள் நிஜமானவையா?

மங்கலான ஒளியில் விழித்திரையில் உள்ள, வண்ணம் அறியாத கோல் செல்களே நமக்கு உதவுகின்றன. அதனால்தான் நெபுலா கண்ணுக்குச் சாம்பல் நிறமாகத் தெரிகிறது. ஆய்வுக் கேமராவும் கறுப்பு வெள்ளையிலேயே பதிகிறது. வெவ்வேறு வடிகட்டிகளின் வழியே எடுத்த படங்களை இணைத்து வண்ணம் தருகிறார்கள். அகச்சிவப்புப் படங்களில் வண்ணம் நாமாக ஒதுக்குவது. அதைப் பொய் என்று சொல்ல மாட்டேன், கண் அறியாத வேறுபாட்டைக் கண்ணுக்கு மொழிபெயர்ப்பது அது.

கேள்வி: புதிதாகத் தொலைநோக்கி வாங்கியிருக்கிறேன். கேமராவும் உடனே தேவையா?

தேவையில்லை. நிலவின் பள்ளங்களையும் சனியின் வளையத்தையும் முதலில் கண்ணால் பாருங்கள். காற்றின் அலைவு கணநேரம் அடங்கும்போது கோளின் நுண்விவரம் பளிச்செனத் தெரியும். பல நொடிகள் ஒளிபதிக்க வேண்டியிருந்த பழைய தட்டுகளில் அந்தக் கணம் கலங்கிப் போனதால், கோள்களைப் பார்ப்பதில் கண் நெடுங்காலம் முந்தியே இருந்தது. இன்று காணொளியாக ஆயிரக்கணக்கான சட்டகங்களை எடுத்து, தெளிவானவற்றை மட்டும் கணினியில் ஒன்றுசேர்ப்பதால், அந்த மேன்மையும் கேமராவுக்கு வந்துவிட்டது.