பிரான்சைஸை மைத்துனருக்கு விற்கலாமா, ஷேரை மாற்றினால் போதுமா?

கேள்வி: ஒரு பயிற்சி மையத்தின் பிரான்சைஸை எட்டு வருடமாக நடத்துகிறேன். பத்து வருட அக்ரிமென்ட், இரண்டு வருடம் பாக்கி. உடம்பு ஒத்துழைக்காததால் மைத்துனரிடம் விற்றுவிட நினைக்கிறேன். தாய் நிறுவனமோ ‘எங்கள் அனுமதி இல்லாமல் முடியாது’ என்கிறது. மையம் என் பிரைவேட் லிமிடெட் கம்பெனி பேரில் இருப்பதால், ஷேரை மட்டும் மாற்றினால் போதும் என்கிறார் ஆடிட்டர். என் முதல், என் உழைப்பு. விற்க எனக்கு உரிமை இல்லையா?

பதில்: உரிமை இருக்கிறது, ஆனால் எதை விற்கிறீர்கள் என்பதில்தான் சிக்கல். மேசை, நாற்காலி, கம்ப்யூட்டர் எல்லாம் உங்கள் கம்பெனியுடையவை, தாராளமாக விற்கலாம். வாசலில் தொங்கும் பெயர்ப்பலகை உங்களுடையது இல்லை. அந்தப் பெயரைப் பயன்படுத்திக்கொள்ள அனுமதி வாங்கியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். நம் நாட்டில் பிரான்சைஸுக்கென்று தனிச் சட்டம் கிடையாது. 1872 ஒப்பந்தச் சட்டம், 1999 வணிகச் சின்னங்கள் சட்டம், அப்புறம் நீங்கள் கையெழுத்துப் போட்ட அக்ரிமென்ட், இவற்றை வைத்துத்தான் பேச வேண்டும். வணிகச் சின்னச் சட்டத்தின் 54-வது பிரிவு, பதிவு பெற்ற பயனாளருக்கே (அடுத்தவர் சின்னத்தைப் பயன்படுத்துபவராக முறைப்படி பதிவானவருக்கே) அந்த உரிமையை இன்னொருவருக்குக் கைமாற்றும் அதிகாரம் கிடையாது என்கிறது.

ஆடிட்டர் சொன்ன வழி புதிதல்ல. குஜராத் பாட்டிலிங் கம்பெனிக்கும் கோகோ கோலாவுக்கும் நடந்த வழக்கை 1995-ல் உச்ச நீதிமன்றம் விசாரித்தது. அந்த பாட்டிலிங் கம்பெனியின் ஷேர்கள் பெப்சி தரப்புக்குக் கைமாறியிருந்தன. எழுத்துமூல அனுமதி இல்லாமல், கட்டுப்பாடு வேறு கைக்குப் போகும்படி ஷேரை மாற்றக்கூடாது என்று கோகோ கோலாவுடன் அந்தக் கம்பெனி போட்டிருந்த அக்ரிமென்ட்டில் ஷரத்து இருந்தது. அக்ரிமென்ட் உயிரோடு இருக்கும்வரை அந்த ஆலைகளில் வேறு கம்பெனி பானங்களைத் தயாரிக்கக்கூடாது என்ற இடைக்காலத் தடையை உச்ச நீதிமன்றம் நீக்க மறுத்துவிட்டது. உங்கள் அக்ரிமென்ட்டிலும் ‘கட்டுப்பாடு மாற்றம்’ என்றோ ‘ஷேர் மாற்றமும் உரிமை மாற்றமாகவே கருதப்படும்’ என்றோ ஒரு வரி ஒளிந்திருக்கலாம், முதலில் அதைத் தேடுங்கள். இருந்தால், ஷேரை மாற்றிய மறுநாளே அக்ரிமென்ட்டை ரத்து செய்ய அவர்களுக்குக் காரணம் கிடைத்துவிடும், மைத்துனர் பலகை இல்லாத கட்டடத்தை வாங்கியவர் ஆகிவிடுவார். (ஆடிட்டரைக் குறை சொல்லவில்லை, அவர் கணக்கைப் பார்த்துச் சொல்லியிருப்பார், அக்ரிமென்ட்டைப் பார்த்திருக்க மாட்டார்.)

சரி, அனுமதி கேட்டும் தர மறுத்தால்? ஆஸ்திரேலியாவில் காரணமில்லாமல் மறுக்கக்கூடாது என்று பிரான்சைஸ் விதிகளே சொல்கின்றன. இங்கே அந்தப் பாதுகாப்பு இல்லை, ஷரத்தின் வாசகம்தான் எல்லாம். ‘நியாயமின்றி மறுக்கக்கூடாது’ என்று இருந்தால் பேசலாம், ‘முழு விருப்பப்படி’ என்று இருந்தால் கொஞ்சம் கஷ்டம். ‘முதல் வாங்கும் உரிமை’ இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் மைத்துனர் தரும் விலையை எழுத்தில் அவர்களிடம் காட்டி, அதே விலைக்கு நீங்களே எடுக்கிறீர்களா என்று கேட்டுவிட்டு, அவர்கள் வேண்டாம் என்ற பிறகுதான் அவருக்குக் கொடுக்க முடியும்.

என்னைக் கேட்டால், மாற்றம் கேட்பதைவிட, உங்கள் அக்ரிமென்ட்டை முடித்துவிட்டு மைத்துனர் பேரில் புதிதாக ஒன்று போடச் சொல்லிக் கேளுங்கள். இரண்டே வருடம் மிச்சமிருக்கும் உரிமையை அவர் எதற்கு முழு விலை கொடுத்து வாங்க வேண்டும்? புது அக்ரிமென்ட்டில் கட்டணமும் நிபந்தனைகளும் மாறலாம், அதை அவர் முதலிலேயே படித்துக்கொள்ளட்டும்.

நீங்கள் கேட்காத, ஆனால் உங்களை அதிகம் கடிக்கப்போகிற விஷயம் ஒன்று இருக்கிறது. கம்பெனி பேரில் அக்ரிமென்ட் போடும்போது, கம்பெனி பணம் கட்டாவிட்டால் நான் கட்டுகிறேன் என்று உங்களிடம் தனிப்பட்ட கேரண்டி வாங்கியிருப்பார்கள். பெரும்பாலும் கடைசிப் பக்கங்களில், உங்கள் பெயருக்குக் கீழே கம்பெனி முத்திரை இல்லாமல் ஒரு கையெழுத்து இருக்கும், அதுதான் அது. ஷேரை விற்றாலும் அந்த கேரண்டி தானாகப் போகாது. மைத்துனர் ராயல்டி (பெயரைப் பயன்படுத்துவதற்காக தாய் நிறுவனத்துக்குக் கட்டும் தொகை) பாக்கி வைத்தால் நோட்டீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். ஆகவே அனுமதிக் கடிதத்தோடு, உங்களை கேரண்டியிலிருந்து விடுவிக்கிறோம் என்ற வரியையும் எழுத்தில் வாங்குங்கள். அது வரும்வரை மைத்துனரிடம் அட்வான்ஸ் எதுவும் வாங்க வேண்டாம். வாங்கிவிட்டீர்கள் என்றால், அனுமதி கிடைக்காவிட்டால் பணத்தைத் திருப்பித் தருவதாக ஒரு பத்திரம் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். கட்டட வாடகை ஒப்பந்தத்தையும் ஒருமுறை படியுங்கள், அங்கேயும் உரிமையாளரின் சம்மதம் தேவைப்படலாம்.