பிரேசில் கச்சேரிக்கு எந்த ஊரில் டிக்கெட் எடுப்பது?

கேள்வி: லண்டனில் வேலை பார்க்கிறேன், இந்தியப் பாஸ்போர்ட். போசா நோவாவில் ஆரம்பித்து இப்போது ஜில்பெர்ட்டோ ஜில், மரீசா மோந்தே, மார்கோஸ் வாலி என்று பிரேசில் பாட்டிலேயே கிடக்கிறேன். பிரேசிலுக்குப் போக இப்போதைக்கு வசதி இல்லை. ஐரோப்பாவில் இவர்களை நேரில் கேட்க எப்போது, எங்கே போகலாம்? விழா நல்லதா, தனிக் கச்சேரி நல்லதா? போர்ச்சுகீசியம் ஒரு வார்த்தை தெரியாது, அது தடையா?

பதில்: பிரேசிலுக்குப் போகாமலே திருப்தியாகக் கேட்கலாம். ஆனால் பெரும்பாலோர் போஸ்டரில் பெயரைப் பார்த்ததும் டிக்கெட் எடுத்துவிடுகிறார்கள். அதற்கு முன் மூன்று விஷயங்களை விசாரியுங்கள்: கலைஞர் எத்தனை பேரோடு வருகிறார், அரங்கு எப்படிப்பட்டது, கூட்டத்தில் பிரேசில்காரர்கள் எவ்வளவு இருப்பார்கள். இவை பொருந்தி வந்தால் கேள்விப்படாத ஆள்கூட அசத்திவிடுவார். பொருந்தாவிட்டால் பெரிய பெயரும் சப்பென்று போகும்.

முதலில் ஆள் எண்ணிக்கை. சொந்த ஊரில் ஊதுகருவிகள், தாளக்காரர்கள், கோரஸ் என்று மேடை நிறையப் பாடுகிறவர், அட்லாண்டிக்கைத் தாண்டும்போது நாலு பேரோடு வருவது சகஜம். ஒவ்வொருவருக்கும் விமானம், ஓட்டல், விசா என்று போட்டுப் பார்த்தால் ஏற்பாட்டாளருக்குக் கட்டுப்படியாகாது. அதனால் யூடியூபில் பார்த்த அதே கச்சேரிதான் வருகிறது என்று நினைத்துப் போகாதீர்கள். அறிவிப்பில் 'வோஸ் இ வியோலாவ்' என்று இருந்தால் குரலும் கிட்டாரும் மட்டும்தான். அதைக் குறைவாக எண்ண வேண்டாம், நீங்கள் ரசிக்கும் போசா நோவாவுக்கு அடிப்படையே அதுதான். 1950-களின் கடைசியில் ஜுவாவ் ஜில்பெர்ட்டோ என்ற பாடகர் (உங்கள் ஜில் வேறு ஆள்) செய்த காரியம், ஒரு சம்பா தாளக் குழுவைக் கிட்டாருக்குள் அடக்கியது. கட்டைவிரல் கீழ்த் தந்தியில் சூர்டு என்ற பெரிய முரசின் அடியைப் பிடித்துக்கொண்டிருக்கும். மற்ற விரல்கள் தாம்போரிம் என்ற சின்னத் தாளக் கருவியின் வேலையைத் தாளத்துக்கு முன்னும் பின்னும் தள்ளிப் போடும். குரல் இரண்டிலும் ஒட்டாமல் தன் பாட்டுக்கு நடக்கும். இதை நேரில் பார்க்க மேடைக்கு நேர் எதிரே, முன் வரிசைகளில், உட்கார்ந்து கேட்கும் அரங்கு வேண்டும். லண்டனில் பார்பிகன் அதற்குத் தோது. இதையே நின்று கேட்கும் கிளப்பில் கேட்டால் பார் கவுண்டரின் கிளாஸ் சத்தம்தான் காதில் விழும்.

மார்கோஸ் வாலிக்கு நேர்மாறு. 1943-இல் பிறந்தவர். அவருடைய எழுபதுகள், எண்பதுகளின் ரெக்கார்டுகளை ஐரோப்பிய டி.ஜே.க்கள் தோண்டி எடுத்துச் சுழற்றியதில், பேரன் வயதுப் பையன்கள் வந்து ஆடுகிறார்கள். அவரை மெத்தை நாற்காலியில் உட்கார்ந்து கேட்பது வீண். கேம்டனில் உள்ள ஜாஸ் கஃபே மாதிரி இடத்தில் வந்தால் மேல்தளச் சாப்பாட்டு மேசைக்குக் காசு கொடுக்காமல் கீழ்த்தளத்தில் நிற்க டிக்கெட் எடுங்கள்.

வாத்திய இசையிலும் காது இருக்கட்டும். ஏழு தந்திக் கிட்டார் வாசிக்கும் யமாண்டு கோஸ்டா, பத்துத் தந்திப் பாண்டோலிம் (மாண்டலின் வகை) வாசிக்கும் ஹாமில்டன் டி ஹோலாண்டா இருவரும் ஐரோப்பாவுக்கு அடிக்கடி வருகிறவர்கள். டிக்கெட்டும் பாடகர்களுக்குப் போல அடித்துப் பிடித்துப் போகாது. கூட ஒரு பாண்டேய்ரோக்காரர் இருந்தால் அவர் கையையே பாருங்கள். நம் கஞ்சிராவைப் பெரிதாக்கி, விளிம்பைச் சுற்றிலும் சலங்கைத் தகடு வைத்தது போன்ற கருவி. கட்டைவிரல், விரல்நுனி, உள்ளங்கை அடி என்று மாறி மாறி விழ, ஒரே ஆளிடமிருந்து முழு டிரம்ஸ் செட் கேட்கும்.

சரி, எப்போது? ஜூலை. டிசம்பர் கடைசியிலிருந்து கார்னிவல் முடிகிற பிப்ரவரி, மார்ச் வரை அங்கே உள்ளூரிலேயே வேலை குவிந்திருக்கும், பாயியா மாநிலத்துக்காரர்களுக்குக் கேட்கவே வேண்டாம். ஜூனில் வடகிழக்கு முழுக்க சாவ் ஜுவாவ் திருவிழா, ஃபொர்ரோ என்ற அந்தப் பக்கத்து ஆட்டப்பாட்டு பாடுகிறவர்களுக்குத் தினம் ஒரு ஊர். அது ஓய்ந்த கையோடு ஐரோப்பாவில் கோடை விழாக்கள் நடக்கின்றன. ஒரு விழா அழைத்தால் அதைச் சுற்றி நாலைந்து ஊர் சேர்த்துக்கொண்டு வருவார்கள். அதை விட்டால் அக்டோபர், நவம்பர். லண்டன் ஜாஸ் விழா நவம்பரில்தான்.

விழாக்களில் சுவிட்சர்லாந்தின் மோந்த்ரோவுக்குத்தான் இந்த இசையோடு பழைய உறவு. 1967-இல் தொடங்கிய விழா. 1978-இல் ஜில்பெர்ட்டோ ஜில் பாடினார். மறு வருடம் எலிஸ் ரெஜினா பாட, அதே மேடையில் எர்மெட்டோ பாஸ்கோவால் பியானோவில் வந்து உட்கார்ந்தார். அவர் சுருதியை எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போக, எலிஸ் விடாமல் துரத்திப் பிடித்தார். அந்தப் பதிவு 1982-இல், எலிஸ் இறந்த பிறகுதான் வெளிவந்தது. ஆனால் இன்று மோந்த்ரோவில் டிக்கெட்டும் விடுதியும் சுவிட்சர்லாந்து விலை. ஏரிக்கரை இலவச மேடைகளை நம்பிப் போகலாம், குறிப்பிட்ட ஒருவருக்காக என்றால் யோசியுங்கள்.

நெதர்லாந்தில் ரோட்டர்டாமின் நார்த் சீ ஜாஸ் விழா மூன்று நாள், பல மேடைகள், பெரும்பாலும் கூரைக்குக் கீழே. ஒரே நேரத்தில் நாலு பேர் பாடுவார்கள், ஒருவரைக் கேட்கப் போய் இன்னொருவரைப் பாதியில் விட வேண்டிவரும். சில கச்சேரிகளுக்குத் தனி டிக்கெட் உண்டு, கவனித்து வாங்குங்கள். எனக்குப் பிடித்தது பிரான்சில் லியோனுக்குத் தெற்கே வியென் ஊரின் ஜாஸ் விழா. ரோமானியர் கட்டிய திறந்தவெளி அரங்கு, கல்படிதான் இருக்கை. சீக்கிரம் போய் இடம் பிடிக்க வேண்டும். மெத்தை ஒன்றும் மழைக்கோட்டு ஒன்றும் இல்லாமல் போனால் இரண்டாவது பாட்டிலேயே இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

இவ்வளவும் சொன்னாலும், ஒரே ஒரு பயணத்துக்குத்தான் காசு இருக்கிறது என்றால் லிஸ்பனுக்குப் போங்கள். போர்ச்சுகலில் வாழும் வெளிநாட்டவரில் பிரேசில்காரர்கள்தான் மிக அதிகம். அங்கே மரீசா மோந்தே வந்தால் முதல் வரியை அவர் எடுப்பார், இரண்டாவது வரியைக் கூட்டம் எடுத்துக்கொள்ளும், அவர் மைக்கைத் தள்ளிப் பிடித்துச் சிரித்துக்கொண்டு நிற்பார். லண்டனில் உட்கார்ந்து கைதட்டுகிற கூட்டத்தின் முன் இது நடக்காது. பிரேசில் பாட்டில் பாதி வேலை கேட்கிறவர்களுடையது என்று எனக்குத் தோன்றும். 1890-இல் திறந்த கொலிசேயு டுஸ் ரெக்ரேயுஸ் இதற்கு அருமையான இடம். வட்ட வடிவம் என்பதால் எங்கே நின்றாலும் கூட்டத்தின் நடுவில் நிற்பது போலிருக்கும். அதைவிடப் பெரிய மேயோ அரீனாவில் என்றால் நான் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

மொழி தடையே இல்லை. பிடித்த நாலு பாட்டின் பல்லவியை மட்டும் காதால் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டு போங்கள், பக்கத்தில் நிற்பவர் உங்களையும் சேர்த்துக்கொள்வார்.

விசாவைத்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். லண்டனில் இருந்தாலும் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா (பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவானது) வேண்டும், சுவிட்சர்லாந்துக்கும் அதேதான். கட்டணம் 90 யூரோ, ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். கோடையில் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே பெரும்பாடு. அதனால் கச்சேரி அறிவித்த அன்றே அப்பாயின்ட்மென்ட் தேடுங்கள். கச்சேரி ரத்தானால் டிக்கெட் காசு திரும்பி வரும், விமானக் காசு வராது. பாடுகிறவர் வயதானவர் என்றால் ரத்து செய்யும் வசதியுள்ள விடுதியாகப் போடுங்கள்.

தேதிகளைக் கலைஞரின் சொந்தத் தளத்திலும் இன்ஸ்டாகிராமிலும் பாருங்கள். அங்கிருந்து வரும் இணைப்பிலேயே டிக்கெட் எடுங்கள். தேடுபொறியில் மேலே வருவது பல சமயம் மறுவிற்பனைக்காரர்கள். விற்றுத் தீர்ந்தாலும் கடைசி வாரத்தில் அரங்கின் பாக்ஸ் ஆபீஸை விசாரியுங்கள்.

அப்புறம், வயது. ஜில், கயெட்டானோ வெலோசோ, மில்ட்டன் நாசிமெண்டோ மூவரும் 1942-இல் பிறந்தவர்கள். மில்ட்டன் 2022-இல் விடைபெறும் சுற்றுப்பயணத்தை முடித்துக்கொண்டார். ஜில் 2025-இல் தன்னுடையதைத் தொடங்கினார். எர்மெட்டோ அந்த ஆண்டு செப்டம்பரில் போய்விட்டார். எண்பது தாண்டியவர் எட்டும் தூரத்தில் வந்தால் மற்றக் கணக்கையெல்லாம் தள்ளிவைத்துவிட்டுப் போங்கள். ஜில்லின் மகனும் பேரன்களும் சேர்ந்த ஜில்சன்ஸ் குழுவை அடுத்த வருடம்கூடக் கேட்டுக்கொள்ளலாம்.

உங்களுக்கு நான் போடும் வரிசை: முதலில் லண்டனில் ஒரு கிளப், விசா தேவையில்லை. அடுத்து நவம்பர் விழாவில் உட்கார்ந்து கேட்கும் ஒரு கச்சேரி. பிறகு லிஸ்பன். அங்கே விடுதியைக் கொலிசேயுவிலிருந்து நடக்கும் தூரத்தில் போடுங்கள். ராத்திரி ஒன்பது, ஒன்பதரைக்குத்தான் ஆரம்பிப்பார்கள், கூட்டம் லேசில் விடாது, மெட்ரோ ஒரு மணிக்கு நின்றுவிடும்.