வளவை ஈடு வைக்க முதல்

களுவாஞ்சிகுடியில் இருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகன் உயர்தரம் முடித்துவிட்டான். கொழும்பில் காசு கட்டி சைபர் பாதுகாப்புப் பட்டம் படிக்கத்தான் வேண்டும் என்று கனடாவில் இருக்கும் மாமா ஒற்றைக்காலில் நிற்கிறாராம். வளவை ஈடு வைக்கலாமா?

யோசிக்காதீர்கள் அக்கா, எல்லாம் சரிவரும் என்று எழுதத்தான் தொடங்கினேன். அதை விடுவோம். வைக்காதீர்கள். ஈட்டுக்கு மாமா வட்டி கட்டப்போவதில்லை. பட்டம் வேண்டுமென்றால் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பிஐடி என்ற தகவல் தொழில்நுட்ப வெளிவாரிப் பட்டம் 2000ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. வீட்டில் இருந்தே படிக்கலாம்.

“பின்னேரமானால் இரண்டு கூட்டாளிமாரோடு கொம்பியூட்டரை நோண்டிக்கொண்டே இருக்கிறான்” என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் குறையாகச் சொன்ன அதுதான் எனக்குப் பிடித்தது. இந்த வேலையைத் தனியே இருந்து பாடமாக்க முடியாது.

அந்த மூன்று பேரையும் கணினிப் பாதுகாப்பைப் பழக்கும் ‘ஓவர் த வயர்’ என்ற இணையத்தளத்தின் ‘பேண்டிட்’ விளையாட்டில் இறக்கிவிடுங்கள். காசில்லை, பழைய லெப்டொப் போதும். ஒவ்வொரு படியிலும் அடுத்த படிக்கான கடவுச்சொல் ஒளிந்திருக்கும். தொடக்கத்திலேயே ஒரு கோப்பு வரும். அதன் பெயரே வெறும் சிறு கோடு. திறக்கச் சொன்னால், அந்த விளையாட்டு ஓடும் லினக்ஸ் என்ற இயங்குதளம் அதைப் பெயராக எடுக்காது. நாம் ஏதோ தட்டப்போகிறோம் என்று சும்மா காத்துக்கொண்டிருக்கும். தனியே இருப்பவன் விடியும்வரை முழிப்பான். கூட ஆள் இருந்தால், “முன்னுக்கு ஒரு புள்ளியும் சாய்கோடும் போட்டுப் பாரடா” என்று ஒருவன் சொல்லுவான். ஒருவன் தட்டட்டும், ஒருவன் வழி சொல்லட்டும், மூன்றாமவன் எது சரிவரவில்லை என்று கொப்பியில் எழுதட்டும். அடுத்த நாள் ஆள் மாற வேண்டும். நேர்முகத்துக்குப் போகும்போது அந்தக் கொப்பியையும் கொண்டுபோகச் சொல்லுவேன்.

பிறகு பிகோசிடிஎஃப். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகம் 2013இல் தொடங்கிய இலவசப் போட்டி. அதில் வரும் புதிர்களை மறைகுறியீடு, இணையத்தளம், தடயம் என்று ஆளுக்கொரு வகையாகப் பிரித்துக்கொள்ளலாம்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். பூட்டுவதும் உடைப்பதும் இந்த விளையாட்டுத் தளங்களிலும் தங்கள் சொந்தக் கணினிகளிலும்தான். அனுமதியில்லாமல் இன்னொருவரின் கணினிக்குள் நுழைந்தால், 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி 5 ஆண்டுவரை சிறை. விளையாட்டுக்குச் செய்தோம் என்று பொலிசில் சொல்ல முடியாது.

மூன்று மாதம் பாருங்கள். அதற்குள் தம்பிக்கு அலுத்துப்போனால், மாமாவே முழுக்காசையும் அனுப்பினாலும் அந்தப் பட்டத்தில் சேர்க்க வேண்டாம்.