கேள்வி-பதில்: வலை வாங்கும் முன் கண்ணை அளந்து பாருங்கள்

கேள்வி: பழைய டொயோட்டா 86 காடி ஒன்று வாங்கினேன். முந்தைய முதலாளி கோல்ட் ஏர் இன்டேக் (இன்ஜினுக்கு வெளிக்காற்றை இழுக்கும் குழாய்) போட்டு வைத்திருக்கிறார். தினமும் செம்பனை லாரிகளுக்குப் பின்னால்தான் ஓட்டம். காற்று நுழையும் வாய்க்கு வலை போடலாமா? கடைக்காரர் குதிரைத் திறனும் கூடும் என்கிறார். (லிந்தாங்)

பதில்: வலை போடலாம். ஆனால் குதிரைத் திறன் கூடாது. காற்றை மறிக்கிற பொருள் எப்படிச் சக்தியைக் கூட்டும்? அப்படிச் சொல்லி விற்கிற கடையில் வேறு எதையும் வாங்காதீர்கள்.

இன்டேக் வேலை செய்யும் விதம் வேறு. இன்ஜின் அறையின் சூடான காற்றை விட்டுவிட்டு வெளிக்காற்றை இழுக்கிறது. காற்றின் வெப்பம் 3 டிகிரி குறைந்தால் அதன் அடர்த்தி ஏறக்குறைய 1 விழுக்காடு கூடும், லாபம் அவ்வளவுதான். வலை அந்த லாபத்தில் கொஞ்சத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். அதற்குப் பதிலாக இலை, சரளைக் கல், லாரியிலிருந்து சிதறும் பழத் துண்டுகள் ஃபில்டரில் போய் அடிக்காமல் காக்கும். செம்மண் தூசியை வலை நிறுத்தாது. அது ஃபில்டரின் வேலை.

வாங்கும்போது இரண்டு அளவு கேளுங்கள்: கண்ணின், அதாவது வலை ஓட்டையின் அகலம், கம்பியின் தடிமன். கண் 3 மில்லிமீட்டர், கம்பி 1 மில்லிமீட்டர் என்றால் பரப்பில் 56 விழுக்காடுதான் திறந்திருக்கும். அதே கம்பியில் 6 மில்லிமீட்டர் கண் என்றால் 73 விழுக்காடு. உங்கள் சாலைக்குப் பின்னது போதும். வலை உட்காரும் வாய் உள்ளே போகும் குழாயைவிட நன்றாக அகலமாக இருந்தால் இழப்பே தெரியாது.

கையோடு ஒரு காந்தமும் கொண்டுபோங்கள். 304 தர எவர்சில்வர் பெரும்பாலும் காந்தத்தில் ஒட்டாது. கறுப்புப் பூச்சுப் பூசிய சாதா இரும்பு பட்டென்று ஒட்டும். எவர்சில்வர் என்று சத்தியம் செய்து எனக்கு விற்ற வலை ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. பூச்சு உரிந்து, துரு பம்பரில் வழிந்து, பெயிண்ட்டையும் கெடுத்தது. அன்றிலிருந்து காந்தம் இல்லாமல் சாமான் கடைக்குள் நான் போவதில்லை.

கேள்வி: கொசுவலை மீதம் இருக்கிறது. அதையே வெட்டி ஒட்டினால் என்ன? (சுங்கை சிப்புட்)

பதில்: வேண்டாம். ஒரே வாரத்தில் தூசி அடைத்துவிடும்.

கேள்வி: இணையத்தில் 240 வெள்ளிக்கு 86-க்கான வலை வாங்கினேன். பம்பரில் பொருந்தவில்லை. ‘2016-க்குப் பிந்திய மாடலுக்கு மட்டும்’ என்று போட்டிருந்ததைப் பிறகுதான் பார்த்தேன். என் காடி 2013. பணத்தைத் திரும்ப வாங்க முடியுமா? (சாலாக் உத்தாரா)

பதில்: விற்றவர் எழுதிப் போட்டிருக்கிறார், நீங்கள் படிக்கவில்லை. அவர் மேல் என்ன குற்றம்? 2016 முகமாற்றத்தில் முன் பம்பர் மாறியது. கடைக்கு ஒரு படம் அனுப்பிக் கேட்டிருந்தாலே தெரிந்திருக்கும். மாதத்தில் நான்கைந்து கடிதம் இதே கதையோடு வருகிறது. பணம் கட்டும் விரலை ஒரு நிமிடம் நிறுத்திப் படியுங்கள். பிரிக்காத பொருளாக இருந்தால் மாற்றித் தரச் சொல்லி மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள். அதற்கு மேல் வழியில்லை.

கேள்வி: சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் பானெட் மேல் உள்ள வாய்க்கும் வலை போடலாமா? (ஈப்போ)

பதில்: அந்த வாய் இன்ஜின் மூச்சு விடுவதற்கு அல்ல, கீழே இருக்கும் இன்டர்கூலரை (டர்போவிலிருந்து வரும் சூடான காற்றின் வெப்பத்தைக் குறைக்கும் பாகம்) குளிர வைப்பதற்கு. பொடிக்கண் வலை போட்டால் குளிர்ச்சி குறையும். பெரிய கண் என்றால் பரவாயில்லை.

கேள்வி: தம்பியின் காடிக்கு ஒர்க்‌ஷாப்பில் வலையை வெட்டி, ஃபில்டரைத் தாண்டிக் குழாய்க்குள்ளே வைத்தார்கள். நான்கு மாதத்தில் கம்பி உடைந்து உள்ளே போய் இன்ஜின் கெட்டுவிட்டது. சரிசெய்ய 6,800 வெள்ளி ஆகுமாம். கேட்டால், ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்ற பலகையைக் காட்டுகிறார்கள். அப்பா தோட்டச் சம்பளத்தில் கடன் எடுத்துக் கொடுத்த காடி அது. (சுங்கை சிப்புட்)

பதில்: உங்கள் தம்பி மேல் எந்தத் தப்பும் இல்லை. வலை எப்போதும் ஃபில்டருக்கு முன்னால்தான் இருக்க வேண்டும். பின்னால் வைத்த வலை உடைந்தால் துண்டை நிறுத்த எதுவுமில்லை. நேரே இன்ஜினுக்குள் போகும். இது ஃபோர்மேனுக்குத் தெரிந்திருக்க வேண்டிய முதல் பாடம்.

அந்தப் பலகையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். நம் ஊரில் பாதிக் கடைகளில் அது தொங்குகிறது. நம் ஆட்கள் அதைச் சட்டம் என்று நம்பி, தலையைக் குனிந்து திரும்பி வருகிறார்கள். அது சட்டம் இல்லை. மலேசியாவின் 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. வேலையைத் தகுந்த கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும் என்கிறது. இந்த உரிமையைப் பலகை மாட்டியோ, ரசீதின் அடியில் பொடி எழுத்தில் அச்சடித்தோ பறிக்க முடியாது என்று அதே சட்டத்தின் 6-ஆம் பிரிவு சொல்கிறது. வாங்கியவர் மனம் மாறித் திருப்பிக் கொண்டுவந்தால் கடைக்காரர் மறுக்கலாம். பழுதான பொருளுக்கும் கெட்ட வேலைக்கும் அந்தப் பலகை செல்லாது.

பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போங்கள். பேராக்கில் ஈப்போவில் இருக்கிறது, இணையத்திலும் பதியலாம். கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரை கோரலாம், சம்பவம் நடந்து 3 ஆண்டுக்குள் பதிய வேண்டும். வக்கீல் வைக்க முடியாது, எதிர்த் தரப்புக்கும் அப்படித்தான். வலையின் விலையை மட்டும் கேட்காதீர்கள், இன்ஜின் சேதத்தையும் சேர்த்துக் கேளுங்கள். தீர்ப்பு வந்து 14 நாளில் கொடுக்காவிட்டால் அது குற்றம்.

அதற்கு முன் ஒரு காரியம். உடைந்த கம்பித் துண்டுகளையும் கெட்ட பாகங்களையும் யாரும் குப்பையில் போட விடாதீர்கள். படம் எடுங்கள். வேறொரு ஒர்க்‌ஷாப்பில் சேதத்தின் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். ரசீது இல்லாவிட்டால் பணம் அனுப்பிய பதிவும் வாட்ஸ்அப் பேச்சும் உதவும். பதிவதில் சிக்கல் வந்தால் மறுபடி எழுதுங்கள், கூடவே நிற்கிறேன்.

கேள்வி: என் இன்டேக் பம்பருக்குக் கீழே தாழ்வாக இருக்கிறது. வலை போட்டால் மழைத் தண்ணீர் போகாதுதானே? (கோலகங்சார்)

பதில்: போகும். வலை இலையைத் தடுக்கும், தண்ணீரைத் தடுக்காது. தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் போனால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். இன்டேக்கை உயர்த்தி மாட்டுங்கள், அல்லது கம்பெனி போட்டதையே திரும்பப் போடுங்கள். வெள்ளத்தில் இன்ஜின் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள், இழுவை லாரியைக் கூப்பிடுங்கள்.