மோபி டிக்: கதைசொல்லியைப் பற்றிய விவரங்கள் எங்கே?

வணக்கம். மோபி டிக் நாவலின் முதல் அத்தியாயத்தை இருமுறை படித்தும் கதைசொல்லியின் ஊர், வயது, குடும்பம் எதுவும் பிடிபடவில்லை, பக்கங்கள் விடுபட்டிருக்குமோ என்று கேட்டிருக்கிறீர்கள். எதுவும் விடுபடவில்லை. நாவலாசிரியர் மெல்வில் அவற்றைத் தரவே இல்லை.

கதைசொல்லி தன்னை இஸ்மவேல் என்று அழைக்கச் சொல்கிறான். அது உண்மைப் பெயர்தானா என்பதற்கும் உத்தரவாதமில்லை. விவிலியத்தில் தாய் ஆகாரோடு வனாந்தரத்துக்கு அனுப்பப்பட்ட பிள்ளையின் பெயர் அது. வீடற்றவன் என்று காட்ட இது போதாதா? மற்றபடி மனநிலையைத்தான் நம் முன் வைக்கிறான். கையில் காசில்லை, உள்ளத்தில் நவம்பர் மாதத் தூறல், சவப்பெட்டிக் கிடங்குகளின் முன் கால்கள் தாமாக நிற்கின்றன, தெருவில் போகிறவர்களின் தொப்பிகளைத் தட்டிவிடக் கை பரபரக்கிறது. பண்டைய ரோம அரசியல்வாதி கேட்டோ வாளின்மேல் விழுந்து உயிரை விட்டான், நான் அமைதியாகக் கப்பலேறுகிறேன் என்கிறான். தற்கொலைக்கு மாற்றாகக் கடல்! இவ்வளவு இருண்ட சங்கதியை இப்படி வேடிக்கையாகச் சொல்கிறவனைப் பற்றி, ஊர் பெயரைவிட இது அதிகம் சொல்கிறது என்பேன். பயணியாகப் போனால் பணம் கட்ட வேண்டும், மாலுமியாகப் போனால் பணம் தருவார்கள் என்ற அவனது கணக்கையும் கவனியுங்கள். கிராமப் பள்ளி ஆசிரியராக இருந்தவன் என்பதும் போகிற போக்கில் கசிகிறது.

தொடக்கத்தில் வரும் திமிங்கில மேற்கோள்களை இப்போதைக்குத் தாண்டிவிடலாம். 1851இல் லண்டனில் வந்த பதிப்பே அவற்றை மூன்றாம் தொகுதியின் கடைசிக்குத் தள்ளியது, முடிவுரையையும் விட்டுவிட்டது. அதனால் கதைசொல்லி விஷயத்தில் எழுந்த குழப்பத்தை நாவலை முடித்த பிறகு கேளுங்கள், இப்போது சொன்னால் கதை கெட்டுவிடும்.